சம்பந்திக்கு ஒரு கூடாரம்

அன்று மாலை அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் ஸ்டோர் கீப்பர், அவர் மனைவி, மனைவியின் தம்பி. பிற்பாடு வந்து சேர்ந்தவர்கள் மகளின் மாமனார், மாமியார், அவர்களுடைய வயதான டிரைவர். ஆக மொத்தம் ஆறே பேர். குடும்ப மானம் சம்பந்தப்பட்ட விஷயம், எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். தெருவே திரண்டு நின்று பார்த்ததாகச் சொல்வதில் உண்மை இல்லை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

அந்த ஆறு பேரைத் தவிர ஒரு கூடாரமும் இருந்தது.

"ஏங்க, சோபாவைக் காணோம்," என்றார் மனைவி.

"அதுக்குப் பின்னாடிதான் இருக்கும். நல்லாப் பாரு."

"அவங்க வர்ற நேரமாச்சுங்க."

"எனக்குத் தெரியாதா?"

பளபளப்புத் தாள் சுற்றிப் பரிசாக மேஜைமேல் இருந்திருக்க வேண்டிய கூடாரம் அது. ஆனால் முப்பத்தோரு வருடம் ஓர் ஆலையின் ஸ்டோரைக் கட்டி ஆண்ட மனிதர், பிரித்துச் சரிபார்க்காமல் ஓர் ஆணியைக்கூட வெளியே அனுப்பியதில்லை. உறையிலிருந்து எடுத்துப் பட்டையைச் சற்றே தளர்த்தினார். சமர்த்தாகச் சுருண்டு கிடந்த சாமான் துள்ளி எழுந்து, கண் மூடித் திறப்பதற்குள் கூடத்தை அடைத்துக்கொண்டது. 'தூக்கிப் போட்டா தானா விரியும் சார்' என்று கடைக்காரப் பெண் சொல்லியிருந்தாள். தானாகச் சுருங்குமா என்று அவர் கேட்கவில்லை.

வினையெல்லாம் ஒரு லாந்தரால் வந்தது. போன முறை வந்தபோது சம்பந்தி அதைக் கொடுத்தார். காட்டில் தங்குகிறவர்கள் வைத்திருக்கும் உயர்ந்த ரகம். பதிலுக்கு நீட்ட இவரிடம் ஒன்றுமில்லை. வெறுங்கையோடு வாசல்வரை போய் வழியனுப்பிய அந்த நிமிடம், மூன்று மாதமாக அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

சம்பந்தி வீட்டார் காடு, மலை என்று கூடாரம் அடித்துத் தங்குவதில் பித்துப் பிடித்தவர்கள் என்று கல்யாணத் தரகர் சொல்லியிருந்தார். சான்றாக ஒரு போட்டோவும் காட்டினார். மரங்களுக்கு நடுவே, எரியும் சுள்ளிகளின் முன்னால் போர்வை போர்த்திய தம்பதி. சம்பந்தியின் முகத்தில் பேச்சற்ற ஒரு சாந்தம்.

"முனிவர் மாதிரி இருக்காரு," என்று மனைவிகூட வியந்தார்.

மகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெண் கொடுத்த இடத்தில் என்ன பிடிக்கும் என்று துப்பு விசாரிப்பது கௌரவக் குறைச்சல் என்று விட்டுவிட்டார்.

கடையில் நல்ல கூடாரத்தின் விலையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். குறையவில்லை. கைக்கு அடக்கமான விலையில் இருந்தவை திசைகாட்டியும் விசிலும்தான். சம்பந்திக்கு விசில் வாங்கிக் கொடுத்த குடும்பம் என்ற பெயர் ஏழு தலைமுறைக்கும் போகாது. கடைசியில், மூலையில் மலிவாகக் கிடந்த இதை எடுத்துவந்தார்.

"அத்தான், எட்டு மாதிரி முறுக்கணுமாம். தாள்ல படம் போட்டிருக்கு," என்றான் மச்சினன்.

"படுத்த எட்டா, நின்ன எட்டா?"

"மொதல்ல முறுக்குங்க, அப்புறம் படுக்க வச்சுக்கலாம்!"

முறுக்கினார்கள். எட்டும் வரவில்லை, ஏழும் வரவில்லை. கையிலிருந்து நழுவி எகிறிய கூடாரம், சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியில் போய்த் தலையைக் கொடுத்தது. விசிறியை நிறுத்தும்போது உச்சியில் ஒரு சாண் கிழிசல்.

"ஊசி நூல் எடுத்தாரட்டுமா?"

"தைக்க நேரமேது? மருந்துப் பெட்டியக் கொண்டா."

ஒட்டியது வெளியே தெரியக்கூடாது அல்லவா? பிளாஸ்திரியோடு உள்ளே தவழ்ந்தார். ஒட்டி முடித்துத் திரும்பும்போதுதான் உட்புறம் தைத்திருந்த சிவப்புத் துண்டுத் துணி கண்ணில் பட்டது. 'ஜிப் பழுது. பாதி விலை.' முப்பத்தோரு வருட ஸ்டோர் கீப்பருக்குக் காது மடல் சுட்டது.

அழைப்பு மணி அடித்தது.

"சாத்து, சாத்து! நான் வீட்டுல இல்லன்னு சொல்லு!"

மச்சினன் ஜிப்பைச் சர்ரென்று இழுத்தான்.

"அவரு வெளிய போயிருக்காருங்க," என்று மனைவி தடுமாறுவது உள்ளே கேட்டது.

"பரவால்லம்மா, இருந்து பாத்துட்டே போறோம்," என்றார் சம்பந்தி.

கூடாரம் தும்மியது.

இனி மறைந்திருப்பதில் அர்த்தமில்லை. உள்ளிருந்து ஜிப்பை இழுத்தார். அது ஒரு முகம் அளவுக்குத் திறந்து நின்றுவிட்டது. மேலும் வரவில்லை. அந்த முகத்தை வைத்துக்கொண்டே, "வாங்க சம்பந்தி, உக்காருங்க," என்றார். உட்கார இடமில்லை.

சம்பந்தியின் முகம் வெளுத்தது. சம்பந்தியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இது... எங்களுக்கா?"

கிழிசலைப் பார்த்துவிட்டார்கள் என்று தோன்றியது. எத்தனை பேரைக் கைகட்டி நிற்கவைத்த கழுத்து அது. ஜிப்புக்கு நடுவே குனிந்தது.

"உங்களுக்குத்தான். பழுதான சரக்கு, பாதி விலைக்கு வாங்கினேன். கிழிச்சதும் நாங்கதான். பொய் சொல்லச் சொன்னதும் நான்தான், அவளத் தப்பா நினைக்காதீங்க. அவ்வளவு உசந்த லாந்தர் குடுத்தீங்க, நான் வெறுங்கைய வீசிட்டு நின்னேன். அன்னைக்குப் போன மானத்த மீட்கலாம்னு பாத்தேன். மிச்சம் இருந்ததும் போச்சு."

சம்பந்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏனோ, அவர் காது மடலும் சிவந்திருந்தது.

நிலைமையைச் சமாளிக்க மனைவி வாசல் பக்கம் திரும்பினார். "அண்ணே, கொஞ்சம் வந்து இதை வண்டியில ஏத்துறீங்களா?"

"அத்தானையும் சேத்தா?" என்றான் மச்சினன்.

"சும்மா இருடா. காட்டுல தங்குறவங்க, எப்படியும் அவங்களுக்கு உபயோகப்படும்."

உள்ளே வந்த டிரைவர் கூடாரத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

"காட்டுல தங்குறவங்களா? யாருங்கம்மா கிளப்பிவிட்டது? அந்தப் போட்டோவப் பாத்தா? அது வண்டி நடுவழியில நின்னுபோன அன்னைக்கு நான் எடுத்தது. அதப் பாத்துட்டு ஆளாளுக்குக் குடுத்த சாமான்ல மாடி அறையே அடைஞ்சு போய்த்தான், போன தடவை அந்த லாந்தரை உங்க தலையில கட்டினோம்!"