லொரெல் சொல்லாத கடவுச்சொல்

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் துறைமுகத்துக்குப் பின்னால், படகு நேர அட்டவணைக்கு மென்பொருள் எழுதும் பதினோரு பேர் அலுவலகம், உலகப் பாதுகாப்பு வரலாற்றை இரண்டாகப் பிரித்தது: கார்த் பாதுகாப்பு அதிகாரி ஆவதற்கு முன், ஆன பின்.

முன்பு நிலைமை படுமோசம். எல்லோரும் எழுதும் நிரல்களைச் சேர்த்துவைக்கும் களஞ்சியத்துக்கு லொரெல் பைபஸ் பொறுப்பு. புதிதாக வருபவரைக் கணினி முன் உட்காரவைத்து, தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கடவுச்சொல்லை அவரையே அடிக்கச் சொல்வாள். யார் என்ன வைத்தார்கள் என்று அவளுக்கே தெரியாது. இப்படியும் ஒரு பொறுப்பின்மை!

கார்த் 'கடவுச்சொல் வலிமைக் குழு' அமைத்தார். காதால் கேட்காமல் வலிமையை எப்படி நம்புவது? சிப்பிக்கறி அடைத்த ஸ்காலப் பை தின்றபடி ஒவ்வொருவராக எழுந்து வாசித்தார்கள். பிரெண்டன் தன் நாயின் பெயரை வாசித்தான். கைதட்டிவிட்டு, கடைசியில் ஒரு ஆச்சரியக்குறி சேர்க்கப் பரிந்துரைத்தது குழு. லொரெல் மட்டும் எழவில்லை.

"எல்லாரும் சொல்லியாச்சு. நீ மட்டும் என்னத்த மறைக்கிற, லொரெல்?"

"பாஸ்வேர்டத்தான் மறைக்கிறேன், கார்த்."

'வெளிப்படைத்தன்மை போதாது' என்று குழுவின் கணினிக் குறிப்பேட்டில் ஏறியது. இன்னொரு தடவை ஏறினால் பதினாறு வருஷ வேலை போய்விடும். ஆனாலும் அவள் கடவுச்சொல்லைச் சொல்லவில்லை.

வாசித்த கடவுச்சொற்களையும் எழுதிவைத்திருந்த அந்தக் குறிப்பேடு தொலையக்கூடாதே என்று கார்த் அதைக் களஞ்சியத்திலேயே, ஊரார் எட்டிப்பார்க்கும் பொதுப்பகுதியில் போட்டார். லொரெல் பதறியதும் பெருந்தன்மையோடு அழித்தார். அழித்ததையும் தேதி போட்டு வைத்துக்கொள்வதுதான் களஞ்சியத்தின் வேலையே என்று அவள் மன்றாடினாள். அழித்தால் அழிந்ததுதான் என்று கார்த் ஆறுதல் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை, அட்டவணைப்படி எல்லாத் தீவுப் படகுகளும் ஒரே நேரத்தில் நியூசிலாந்துக்குக் கிளம்பின. நாலு பேர் பாஸ்போர்ட்டோடு வரிசையில் நின்றார்கள். எவனோ பத்துப் பேர் கணக்குக்குள்ளும் புகுந்திருந்தான்.

குழு அவசரமாகக் கூடி லொரெலை விசாரித்தது.

"பத்துப் பேர் வீட்லயும் திருடன் பூந்திருக்கான். உன் பூட்டு மட்டும் அப்படியே இருக்கு. எப்படி?"

"நான் யார்கிட்டயும் சொல்லல."

குழு ஒருமனதாகப் பதிவுசெய்தது: 'ஒப்புதல் வாக்குமூலம்.'

அன்று மத்தியானமே அவள் நாற்காலிக்குப் பிரெண்டன் வந்துவிட்டான். களஞ்சியத்தின் சாவி இப்போது அவன் நாயின் பெயரில், இரண்டு ஆச்சரியக்குறிகளோடு, பத்திரமாக இருக்கிறது.