முறைகேடாக இளைத்த கலியமூர்த்தி

ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம், சொன்னால் மறுப்பு அறிக்கை வரும். அங்கே கலியமூர்த்திக்கு போர்மேன் பதவி காத்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளாக மனுஷன் ஆசைப்பட்ட பதவி. குறுக்கே நின்றது அவருடைய தொப்பை ஒன்றுதான். மருத்துவப் பரிசோதனையில் எடை தொண்ணூறு கிலோவுக்குள் இருக்க வேண்டும். இவர் தொண்ணூற்றாறு.

குவார்ட்டர்ஸில் மனைவி கஸ்தூரி அலட்டிக்கொள்ளவில்லை. சோற்றைப் பாதியாக்கினாள், கீரையை ஏற்றினாள், சாயங்கால பஜ்ஜிக்குத் தடா போட்டாள். ஒரே மாதத்தில் மூன்று கிலோ இறங்கிவிட்டது. சந்தோஷம் தாங்காமல் கலியமூர்த்தி அதை நலவாழ்வு அலுவலர் நிர்மலிடம் போய்ச் சொன்னார். வினை அங்கேதான் ஆரம்பமானது.

நிர்மல் அப்போதுதான் ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்திருந்தார். அவர் முகம் வெளிறிவிட்டது.

“கம்மியா சாப்பிட்டுத்தான் இளைச்சீங்களா?”

“ஆமா சார்.”

“போச்சு! பஞ்சம் வந்துடுச்சுன்னு உடம்பு பயந்துடும். தின்னதையெல்லாம் கொழுப்பாப் பதுக்கும். சரக்கு வராதுன்னு தெரிஞ்சா நம்ம ஸ்டோர்ஸ்ல பதுக்குவாங்களே, அந்த மாதிரி.”

கலியமூர்த்திக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அந்த ஸ்டோர்ஸில் ஒரு போல்ட்டுக்காகக் கெஞ்சிப் பார்த்தவர் அவர்.

“ஆனா மூணு கிலோ குறைஞ்சிருக்கே சார்?”

“அது முறைகேடான குறைவு. கணக்குல வராது.”

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. ‘பணியாளர்தம் வளர்சிதை மாற்றத்துக்கு அச்சம் ஏற்படாவண்ணம், இரண்டு மணிக்கொரு முறை சிற்றுண்டி உட்கொண்டு, பஞ்சம் ஏதுமில்லை என உடலுக்கு உறுதியளித்தல் வேண்டும்.’ கேன்டீனில் போண்டாவும் கேசரியும் குவிந்தன. கலியமூர்த்தி கடமை தவறாதவர். மணி தவறாமல் உறுதியளித்தார்.

கஸ்தூரிக்கு வயிறு எரிந்தது. “ஏங்க, பட்டினி கிடந்தா குண்டாவாங்கன்னா, பஞ்சத்துல அடிபட்ட ஜனமெல்லாம் உருண்டையா இல்ல இருந்திருக்கணும்?”

“அவங்களுக்கு யாரும் சர்க்குலர் அனுப்பலையே!”

பரிசோதனை நாளில் எடைக் கருவி நூற்றிரண்டு காட்டியது. பதவி போயிற்று. கலியமூர்த்திக்கு அழுகையே வந்துவிட்டது. நிர்மல் மட்டும் கலங்கவில்லை.

“உடம்புக்கு இன்னும் நம்பிக்கை வரல. அளவைக் கூட்டுங்க.”

யூனியன் செயலாளர் தேவா, மேனாம்பேட்டுக்காரர், கொதித்துப் போனார். “இன்னாண்ணே, சும்மா வுட்ருவோமா? நாளைக்கே கேட்டாண்ட உண்ணாவிரதம்!”

தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு, மாலை சூட்டி, கலியமூர்த்தியை நடுவில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் முகத்தில் கவலை படர்ந்தது.

“தேவா, நாள் பூரா சாப்பிடலன்னா உடம்பு பயந்துடுமே. இன்னும் ரெண்டு கிலோ ஏறிட்டா?”

பந்தலிலிருந்த அத்தனை பேரும் அவரவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

“கரீட்டுண்ணே. ஒடம்பு கெட்டுப்போச்சின்னா போராட்டம் இன்னாத்துக்கு?” என்றார் தேவா.

அவசரச் செயற்குழு பந்தலிலேயே கூடியது. வீரர்கள் இரண்டு மணிக்கொரு முறை சாப்பிட்டுக்கொண்டே உண்ணாவிரதத்தைத் தொடர்வதென்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. இட்லி, வடை வந்தன. கோஷம் முன்னைவிடக் கம்பீரமாக ஒலித்தது.

மாலையில் பொது மேலாளர் ராஜகுமாரி அம்மையார் கேட்டுக்கு வந்தார். ‘சாகும்வரை உண்ணாவிரதம்’ என்ற பேனரைப் பார்த்தார். கீழே கிடந்த எச்சில் இலைகளையும் பார்த்தார். மைக்கைக் கேட்டு வாங்கினார்.

“நீங்க சாப்பிட்டுக்கிட்டே உண்ணாவிரதம் இருந்திருக்கீங்க. நிர்வாகம் அதை மனசார மதிக்குது. அதே முறையில, கலியமூர்த்திக்குப் பதவி உயர்வைக் கொடுக்காமலேயே கொடுத்துட்டோம்!”

கைதட்டல் பந்தலைப் பிய்த்தது. “வெற்றி! வெற்றி!” என்று தேவா தொண்டை கிழியக் கத்தினார். எல்லோரையும்விட பலமாகத் தட்டியவர் கலியமூர்த்திதான். தட்டி முடித்த பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. சம்பளம் ஏறுமா என்று கேட்க வாயைத் திறந்தார். அம்மையார் அதில் பழரசத்தை ஊற்றி, உண்ணாவிரதத்தை முடித்து வைத்தார்.