சில்லறைச் சாமியும் கண் மூடிய பறவையும்

ஊரில் சில்லறை காணாமல் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. திருடன் யாரும் கொண்டுபோகவில்லை. அவரவர் வீட்டில் அவரவரே பதுக்கி வைத்துக்கொண்டார்கள். கையில் ஒரு நாணயம் கிடைத்தால் போதும், அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதிலுள்ள பறவையின் முகத்தை உற்றுப் பார்த்தார்கள். பெற்ற பிள்ளையின் முகத்தைக்கூட அவர்கள் அப்படிப் பார்த்ததில்லை.

இதில் அதிகம் நொந்துபோனவர் பதினேழாம் நம்பர் பஸ்ஸின் கண்டக்டர். மீதி கொடுக்க அவர் பையில் காசே இல்லை. ஒரு பயணி டிக்கெட்டுக்கு இரண்டு ஊக்கும் ஒரு மிட்டாயும் நீட்டினார். மிட்டாயில் பாதி கடிபட்டிருந்தது. கண்டக்டர் கோபப்படவில்லை. அவர் கோபத்தை வேறொருவருக்காகச் சேர்த்து வைத்திருந்தார்.

அந்த வேறொருவர்தான் சில்லறைச் சாமி. பூட்டிக் கிடந்த போட்டோ ஸ்டுடியோவின் மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தார். அதற்கு முன் வேறு ஊரில் முடி வளர்க்கும் தைலம் விற்றாராம். அவர் வழுக்கையைப் பார்த்தவர்களுக்கு அந்த வியாபாரம் ஏன் படுத்தது என்று புரியும். பெயரிலேயே தன் தரத்தைச் சொல்லிக்கொண்ட மனிதர். நல்ல வேளை, யாரும் கவனிக்கவில்லை.

சாமி சொன்ன கதை இதுதான். காசு அச்சடிக்கிற இடத்தில் ஒருநாள் கைதவறிச் சில நாணயங்களில் பறவையின் கண் மூடிப்போய்விட்டது. அவை இன்றைக்கும் நம் சில்லறையோடு சில்லறையாகச் சுற்றுகின்றன. உங்கள் பர்ஸில் இருக்கலாம், நாற்காலி மெத்தையின் அடியில் இருக்கலாம். ஒன்றின் விலை ஐந்து லட்சம். ஆனால் நாணயம் தூக்கத்தில் இருக்கிறது. சாமி அதன்மேல் நூலில் கட்டிய மோதிரத்தைத் தொங்கவிடுவார். மோதிரம் சுற்றினால் அதுதான் அபூர்வ நாணயம். கண் திறக்கக் கட்டணம் பதினைந்தாயிரம். திறந்ததும் வெளிநாட்டு வியாபாரி வந்து வாங்கிக்கொள்வார். வியாபாரி விமானத்தில் வந்துகொண்டிருந்தார். மூன்று வாரமாக விமானத்தில்தான் இருந்தார். பாவம், கால் மரத்துப் போயிருக்கும்.

பல கை பட்டுத் தேய்ந்த காசில் பறவைக்குக் கண் எங்கே இருக்கும்? பாதிக் காசில் மூக்கே இல்லை. ஆகவே மாடிப்படியில் வரிசை நாளுக்கு நாள் நீண்டது.

அந்த வரிசையில் ஒருநாள் கண்டக்டரின் மனைவியும் நின்றாள். மோதிரம் அவள் காசின்மேல் பம்பரமாகச் சுற்றியது. வீட்டுக்கு வந்ததும் வேறு காசோடு கலந்துவிடக் கூடாதென்று அதன் பின்பக்கம் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்து, நூல் டப்பாவில் போட்டு மூடினாள். அவள் துணி தைப்பவள். கட்டணத்துக்காகத் தையல் மெஷினையே விற்கப் பேசிவிட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழைய சாமான் கடைக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

"அபூர்வமான காசு சில்லறையில வரவே வராதுன்னு நான் சொல்லல," என்றார் கண்டக்டர். "இருபத்திரண்டு வருஷத்துல எனக்கே ஒண்ணு வந்துச்சு. விவரம் தெரிஞ்சவர்கிட்ட காட்டினேன். பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தாரு, எடை போட்டாரு, ரெண்டு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும்னு சொல்லி அவரே பணம் குடுத்து வாங்கிக்கிட்டாரு. விக்கிறவன்கிட்டயே பணம் கேக்கிற வியாபாரத்தை நீ எங்கயாவது பாத்திருக்கியா?"

"அவருக்கு மோதிரம் சுத்தத் தெரியாதுங்க. அதான் ரெண்டு வேளைச் சாப்பாட்டோட முடிச்சிட்டாரு."

"மெஷின் போயிட்டா நீ என்ன பண்ணுவே?"

"படி ஏறும்போது உங்க முட்டி ரெண்டும் சத்தம் போடுது. பஸ்ஸில எத்தனை காலம் நின்னுக்கிட்டே இருப்பீங்க? இது வித்தா நீங்க உக்காரலாம்" என்றாள்.

கண்டக்டருக்கு அவள்மேல் பாசமும் சாமிமேல் ஆத்திரமும் ஒரே நேரத்தில் பொங்கின. வெள்ளிக்கிழமை காலை அவளுக்குத் தெரியாமல் அந்தக் காசை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அதை எங்கேயாவது ஒளித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவரிடம் வேறு திட்டம் எதுவும் இல்லை.

திட்டம் தானே பஸ் ஏறி வந்தது. கார் ரிப்பேர் என்று சில்லறைச் சாமியே ஏறி, நர்ஸ் அம்மா ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நோட்டை நீட்டினார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தார். மீதியாக அந்தச் சிவப்புப் பொட்டுக் காசைப் பொட்டு கீழே இருக்கும்படி வைத்துக் கொடுத்தார்.

சாமி அதைத் திருப்பி நீட்டினார். "இது தேஞ்சுபோன காசு. எவனும் வாங்க மாட்டான். வேற குடு."

"வேற இல்லீங்க சாமி. ஊர்ல சில்லறைக்குத் தட்டுப்பாடு. எல்லாம் உங்க புண்ணியம்."

சாமி முணுமுணுத்துக்கொண்டே காசைச் சட்டைப் பையில் போட்டார். நர்ஸ் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

மத்தியானம் வேலை முடிந்ததும் கண்டக்டர் மனைவியை அழைத்துக்கொண்டு ஸ்டுடியோ மாடிக்குப் போனார். உள்ளே மூச்சுவிட இடமில்லை. கண்டக்டர் நான்கு தீப்பெட்டிகளை மேஜைமேல் வைத்துக் கைகட்டி நின்றார். ஊரிலேயே அவ்வளவு அப்பாவியான முகம் அன்றைக்கு வேறு யாருக்கும் இல்லை.

"சாமி, இவ காசு பத்திரமா இருக்கட்டும்னு நான்தான் டப்பாவுல இருந்து எடுத்துத் தீப்பெட்டியில போட்டு வெச்சேன். எதுல போட்டேன்னு மறந்து தொலைச்சிட்டேன். குலுக்கினா எல்லாத்துலயும் சத்தம் வருது. உங்க மோதிரம்தான் சொல்லணும்."

"திறந்து பாத்தா தெரிஞ்சிடுமேப்பா."

"மோதிரம் இருக்கும்போது நாங்க எதுக்கு சாமி கண்ணை உபயோகப்படுத்தணும்?"

கூட்டம் ஆமோதித்தது. சாமிக்கு வேறு வழியில்லை. கண்ணை மூடினார், உதட்டை அசைத்தார், நூலைத் தொங்கவிட்டார். முதல் பெட்டியில் மோதிரம் அசையவில்லை. இரண்டாவதில் லேசாக ஆடியது. மூன்றாவதில் சுற்று சுற்றென்று சுற்றியது.

"இதுக்குள்ள அஞ்சு லட்சம் மூச்சு விடுது," என்றார் சாமி.

கண்டக்டர் பெட்டியைத் திறந்தார். நீலச் சட்டைப் பொத்தான் ஒன்று இருந்தது. மற்ற மூன்றையும் திறந்தார். மூன்றிலும் பொத்தான்.

சாமி ஒரு நொடிதான் திகைத்தார். "நம்பிக்கை இல்லாத கை தொட்டா நாணயம் பொத்தானாத்தான் மாறும்" என்றார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"என் காசு எங்கங்க?" என்று மனைவி புருஷனின் சட்டையைப் பிடித்தாள்.

"சாமியோட பையில இருக்கு. காலையில மீதி குடுத்தேன்."

சாமி சட்டைப் பையைக் கையால் பொத்தினார். அதற்குள் முன்வரிசையில் நின்றவர்கள் கை போட்டுவிட்டார்கள். சிவப்புப் பொட்டு வெளியே வந்தது.

"பாத்தீங்களா, என்னைத் தேடி அதுவே வந்திருக்கு," என்று சமாளித்தார் சாமி.

"அதுவா வரல," என்றார் வரிசையில் நின்ற நர்ஸ் அம்மா. "நான்தான் பக்கத்து சீட்டுல இருந்தேன். தேஞ்ச காசு, எவனும் வாங்க மாட்டான், மாத்திக் குடுன்னு சண்டை போட்டீங்களே."

கண்டக்டரின் மனைவி காசையும் சாமியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என் கையில இருந்தா அஞ்சு லட்சம், உங்க பைக்கு வந்தா செல்லாக் காசா?" என்றாள். "நான் மெஷினை விக்கப் போனேனேய்யா."

சாமி ஜன்னல் பக்கம் நகர்ந்தார். அது மாடி என்பது நினைவுக்கு வந்ததும் நின்றுவிட்டார். பணம் கட்டியவர்கள் அவரைச் சுற்றி நெருக்கமாக உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவர் போலீஸுக்குப் போன் போட்டார்.

எல்லாம் முடிந்தது என்று கண்டக்டர் படியிறங்கப் போனபோது, பின்னால் இருந்த பெரியவர் ஒருவர் அந்த நீலப் பொத்தானை விரலில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, மோதிரம் இதுக்குத்தானே சுத்துச்சு? அப்ப இந்தப் பொத்தான் என்ன விலைக்குப் போகும்?"

இன்னும் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நெருங்கினார்கள். கண்டக்டரின் மனைவிதான் பதில் சொன்னாள்.

"பொத்தான் வீட்டுல ஒரு டப்பா நிறைய இருக்கு, சும்மாவே தர்றேன், சட்டைக்குத் தெச்சுக்குங்க. வீட்டுல பதுக்கின காசையெல்லாம் நாளைக்கே புழக்கத்துல விடுங்க. அப்படியே அந்த மூளையையும் கொஞ்சம் வெளிய விடுங்க. பதுக்கி வெச்சா விலை ஏறுற பொருள் இல்லீங்க அது."