ஒரு ஸ்டியரிங்கும் உறவினர் பட்டினியும்

தெரிந்த பொருளைப் பற்றிப் பேசுகிறவன் ஆசிரியன். தெரியாத பொருளைப் பற்றி, தெரிந்தவனும் வாயடைத்துப் போகும்படிப் பேசுகிறவனே பேச்சாளன். இந்த இலக்கணத்தின்படி பார்த்தால், விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் என்னை விஞ்சிய பேச்சாளன் அந்நாளில் பிறந்திருக்கவில்லை. (பிறந்திருந்தாலும் மேடை ஏறியிருக்க மாட்டான். ஏறியிருந்தால் இரண்டாம் பரிசு வாங்கியிருப்பான், அவ்வளவுதான்.) விழுப்புரத்தில் கல்லூரி படித்த காலத்தில் நான் வென்று குவித்த கேடயங்களுக்கு அலமாரியில் இடம் போதவில்லை. அம்மா அவற்றுள் அகலமான ஒன்றை அரிசிப் பானைக்கு மூடியாக்கிவிட்டாள்.

அத்தகைய நான், ஒரு கோடை மாலையில், திண்டிவனத்து எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆற்றிய பேருரையால் என் சுற்றத்தார் அனைவரையும் பட்டினி போட்டேன். உவமையாகச் சொல்லவில்லை. வடை பொரித்து, பாயசம் காய்ச்சி, வாழையிலையும் கழுவி வைத்திருந்த வீட்டில், ஒருவர் வாயிலும் ஒரு பருக்கை போகாத உண்மையான பட்டினி.

காரணப் பொருளை முதலில் அவை முன் வைக்கிறேன்.

என் கல்லூரித் தோழன் சலீம் கோட்டக்குப்பத்துக்காரன். அவனுடைய அண்ணன் ஷார்ஜாவில் வேலை பார்த்தார். ஒரு விடுமுறைக்கு வந்தபோது, தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் டி.வி. கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். நான் மிகப் பெரிய கேடயம் ஒன்றை வென்று வந்திருந்த சமயம். மகிழ்ச்சியில் அப்பா அதை எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார். எங்கள் கறுப்பு வெள்ளைத் திரையில் கார் ஓடியது! எதிரே வண்டிகள் வந்தன! சாலை வளைந்தது! ஆனால் அந்தக் காரை ஓட்டுவதற்குப் பெட்டியோடு வந்ததோ, கட்டைவிரல் கனத்தில் ஒரு கறுப்புக் குச்சி. இடப்பக்கம் தள்ளினால் இடம், வலப்பக்கம் தள்ளினால் வலம். அதைப் பிடித்து ஆட்டினால் கார் ஓட்டுகிற உணர்வு வராது. அம்மியில் ஒட்டிய சட்னியை வழிக்கிற உணர்வுதான் வரும்.

அடுத்த விடுமுறைக்கு வந்த சலீமின் அண்ணன், ஸ்டியரிங் ஒன்று கொண்டுவந்திருந்தார். கார் ஆட்டத்துக்கென்றே தனியாகச் செய்து விற்கிற விலையுயர்ந்த சாதனம். வட்டமான சக்கரம், அதன் நடுவில் பளபளவென்று ஒரு வில்லை, காலால் மிதிக்கத் தனியாக ஒரு பெடல். கல்லூரிக் கேன்டீனில் சலீம் அதன் அட்டைப் படத்தைக் காட்டியபோது, என் டீ ஆறி ஆடை கட்டியது.

"அண்ணன் அடுத்த வாரம் ஏரோப்ளேன் ஏறுதுடா. உனக்கு வேணும்னா ஜல்தியா சொல்லு. பாண்டில ஒருத்தன் கேட்டுக்கினு இருக்கான்" என்றான் சலீம்.

அப்பாவிடம் கேட்டேன். அப்பாவுக்கு மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மொத்த வியாபாரம். எதையும் எடைபோடாமல் முடிவு செய்யாத மனிதர். அவர் பதில் சொல்வதற்குள் என் தங்கை பத்மினி குறுக்கே வந்தாள். வரும் ஜூனில் அவளுக்குப் புதிய பள்ளி. ஊரின் மறுகோடியில் இருந்தது. அவள் சைக்கிள் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"போன தடவ அண்ணனுக்குப் பெட்டி வாங்கினீங்க. இந்த தடவையும் அண்ணனுக்கேவாப்பா?"

அப்பா இரண்டு பக்கமும் பார்த்தார். "ரெண்டுல ஒண்ணுதான். டேய் தரணி, நீதான் பெரிய பேச்சாளியாச்சே. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வர்றாங்க. அவங்க முன்னாடி பேசு. அவளும் பேசட்டும். எது நியாயமோ அதை வாங்குறேன்."

"எனக்குப் பேச வராதுப்பா. ஓட்டிக் காட்டுறேன். அண்ணன் ஸ்டியரிங்ல ஓட்டட்டும், நான் குச்சில ஓட்டுறேன்" என்றாள் பத்மினி.

எனக்குச் சிரிப்பு வந்தது. பட்டிமன்றமே வாழ்வாகக் கொண்டவனைப் பட்டிமன்றத்துக்கே அழைக்கிறார்கள்! சைக்கிள் அந்தக் கணமே தோற்றுவிட்டதாக நான் உள்ளத்தில் எழுதி ஒப்பமிட்டேன்.

ஞாயிறு காலை, அக்காள் குழந்தைக்குக் காது குத்து. உறவினர் திரண்டிருந்தனர். மேல்சித்தாமூரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். நாங்கள் சமணர்கள், பொழுது சாய்ந்தபின் உண்ணுவதில்லை. அதிலும் பெரியப்பா, சூரியன் மறைந்தால் தண்ணீரைக்கூடத் தொட மாட்டார். ஆகையால் மாலை விருந்துக்கு அம்மா தெளிவான ஆணை பிறப்பித்தாள்: "ஆறு மணிக்கு இலை போட்டுடுவேன். உன் பிரசங்கத்த அதுக்குள்ள முடிச்சுக்கோ."

"பத்தே நிமிடம் போதும், அம்மா" என்றேன். (உலகம் தோன்றிய நாளிலிருந்து எந்தப் பேச்சாளனும் காப்பாற்றாத வாக்குறுதி இது.)

நான்கரை மணிக்கு சலீம், மடியில் ஸ்டியரிங்கை வைத்துக்கொண்டு பேருந்தில் வந்து இறங்கினான். வழியெல்லாம் கண்டக்டர் அவனை விடவில்லையாம். "எங்க வண்டிக்கு ஒரு டிரைவர் இருக்காருப்பா. நீ பின்னாடி உக்காந்து தனியா ஓட்டாத" என்றாராம்.

அம்மா அவனுக்கு மோர் கொண்டுவந்தாள். சலீம் கைகூப்பினான். "நோன்பும்மா. பொழுது சாயட்டும்."

"ஐயோ, இந்த வெயில்ல வந்திருக்கியேப்பா! சரி, உனக்குன்னு தனியா எடுத்து வெக்கிறேன்" என்று அம்மா உள்ளே போனாள்.

இனி என் கைங்கரியம். மேற்கு ஜன்னல் வழியே வந்த வெயில் நேராகத் திரையில் விழுந்து, சாலை எது, வயல் எது என்று தெரியாமல் அடித்தது. ஜன்னல் கதவுகளைச் சாத்தினேன். இடுக்கு வழியே அப்போதும் வெளிச்சம் கசிந்தது. ஜமுக்காளத்தை எடுத்தேன். அதை மாட்ட ஆணி தேவைப்பட்டது. கூடத்திலேயே தோதான ஆணி, ஜன்னலுக்கு மேலே சுவர்க் கடிகாரம் தொங்கிய ஆணி. கடிகாரத்தைக் கழற்றிக் கட்டிலில் குப்புறப் போட்டுவிட்டு ஜமுக்காளத்தை மாட்டினேன். இவ்வாறு, ஒரே ஆணியில் சூரியனையும் காலத்தையும் வீட்டைவிட்டு வெளியேற்றினேன்.

பிறகு எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமினேன்.

"நடுவராக அமர்ந்திருக்கும் தந்தையார் அவர்களே! எதிரணியில் குச்சியோடு குந்தியிருக்கும் தங்கையே! பந்தியை மறந்து பைந்தமிழ் பருக வந்திருக்கும் பெரியோர்களே!" என்று தொடங்கினேன். (பந்தியை அவர்கள் மறக்கவில்லை, மறக்கடிக்கப் போகிறவன் நான் என்பது அப்போது எனக்கும் தெரியாது.)

எனக்கு மேடைப் பயிற்சி தந்த ஆசான் கைகளுக்குத் தனியே பாடம் நடத்தியிருந்தார். நம் கருத்துக்கு வலக்கை எழ வேண்டும். எதிரியின் கருத்தைத் தள்ள இடக்கை. 'ஆகவே' என்று வந்துவிட்டால் இரண்டு கைகளும் வானம் நோக்க வேண்டும். அந்தப் பாடம் என் எலும்புக்குள் இறங்கியிருந்தது. மனித நாகரிகமே சக்கரத்தில் பிறந்தது என்றேன். குயவனின் சக்கரத்தைச் சுழற்றினேன். தேரின் சக்கரத்தை உருட்டினேன். "குச்சியைப் பிடித்து வண்டி ஓட்டுகிறவன் மாட்டு வண்டிக்காரன். கார் ஓட்டுகிறவனுக்குக் கையில் வேண்டியது குச்சியா, சக்கரமா?"

"டேய், நான் மாட்டு வண்டில வந்துதாண்டா பஸ் ஏறினேன்" என்றார் பெரியப்பா. கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கைதட்டலாக ஏற்றுக்கொண்டு இன்னும் வேகமெடுத்தேன்.

போட்டி மேடைகளில் நேரம் முடிந்தால் மணி அடிப்பார்கள். மணி அடிக்கும்வரை பேசுவது என் பழக்கம். அன்று எங்கள் வீட்டில் மணி அடிக்க ஆள் இல்லை.

ஒருவழியாக நான் அமர்ந்தபின் பத்மினி எழுந்தாள். கையை அசைக்கவே இல்லை. "திரையில அந்தக் கார் இடது போவும், வலது போவும். அவ்ளோதான் அதுக்குத் தெரியும். அதுக்குக் குச்சிய லேசா ஒரு தட்டு தட்டுனா போதும். பெட்டியில மிச்ச ஆட்டமெல்லாம் இருக்கே, பந்து ஆட்டம், சண்டை ஆட்டம். அதுக்கெல்லாம் இந்த ஸ்டியரிங் உதவாது. சைக்கிள் வாங்குனா அதுலயும் ஹேண்டில்பார் இருக்கும். அது நெசமாவே திரும்பும்." உட்கார்ந்துவிட்டாள்.

(இதெல்லாம் ஒரு பேச்சா? மேற்கோள் உண்டா? எடுப்பு, தொடுப்பு, முடிப்பு ஏதேனும் உண்டா?)

"சரி, ஓட்டுங்க" என்றார் அப்பா.

ஸ்டியரிங்கை முக்காலியின் மேல் வைத்தோம். அது நகராமல் சலீம் பிடித்துக்கொண்டான். பெடலை மிதித்தேன். ஆகா! அந்தக் கணத்தை நான் எப்படிச் சொல்வேன்! குச்சியில் தத்தித் தத்திப் போன அதே கார், இப்போது என் உள்ளங்கைக்குள்ளிருந்து புறப்பட்டதுபோல் பாய்ந்தது. வளைவு வந்தது, சக்கரத்தைச் சுழற்றினேன், என் தோளும் சுழன்றது. திண்டிவனத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பதே மறந்துபோயிற்று.

மகிழ்ச்சி மிகுந்தால் வாய் சும்மா இருக்குமா? "பாருங்கள், அவையோரே! இந்த லாவகம் குச்சிக்கு வருமா? ஆகவே..." என்றேன். இரண்டு கைகளும் வானம் நோக்கின. கார் வயலில் இறங்கியது.

மீண்டும் சாலைக்குக் கொண்டுவந்தேன். "இது இயந்திரத்தின் பிழை அன்று..." வலக்கை எழுந்தது. கார் மரத்தில் மோதியது.

"டேய், வாய மூடிக்கினு ஓட்டுடா! இல்லன்னா கைய கட்டிக்கினு பேசுடா!" என்று பெரியப்பா கத்தினார். பேச்சையும் கையையும் பிரிக்கும் வித்தையை என் ஆசான் கற்றுத்தரவில்லை. நான் சாலையில் ஓட்டியதைவிட வயலில் உழுததே அதிகம்.

பத்மினி குச்சியைப் பிடித்தாள். தட், தட் என்று இரண்டு விரல் தட்டல். நான் ஓட்டிய தூரத்தை அவள் அலட்டிக்கொள்ளாமல் கடந்துபோனாள்.

"மறுவாய்ப்பு வேண்டும், நடுவர் அவர்களே" என்று நான் எழுந்தபோது, என் தோளில் ஒரு கை விழுந்தது.

"தள்ளு நீ. நான் ஓட்டுறேன்" என்றார் பெரியப்பா.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் முக்காலிக்கு எதிரே அமர்ந்த காட்சியை விழுப்புரம் மாவட்டம் அதற்கு முன் கண்டதில்லை. (அந்நாளில் அப்படியொரு மாவட்டமே கிடையாது என்பது வேறு செய்தி.) முதல் வளைவில் அவர் சாய்ந்தார். கூடமே சாய்ந்தது. எதிரே வண்டி வந்ததும், "ஏய், ஏய்! வழி வுடுடா கம்மனாட்டி!" என்று கூவி, ஹாரன் இருக்குமோ என்று சக்கரத்தின் நடு வில்லையைக் குத்தினார். ஒரு கொசுவைக்கூட அடிக்காமல் வழிவிட்டுப் போகிற மனிதர், முன்னால் போன காரை முந்தியபோது தொடையைத் தட்டினார்! மச்சினர்கள் முறை கேட்டு வரிசையில் நின்றார்கள். அப்பாவும் நின்றார். "இலை போடவா?" என்று கேட்க வந்த அம்மா, கரண்டியோடு நிலைப்படியிலேயே நின்று, "லெஃப்ட்ல ஒடிங்க! ஒடிங்க!" என்று வழிகாட்டத் தொடங்கினாள். நான் ஒரு மணி நேரம் பேசியும் வாங்க முடியாத வெற்றியை அந்தச் சக்கரம் நொடியில் வாங்கியது.

சலீம் மட்டும் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஓட்டத்துக்கு நேரம் குறிக்கிறான் போலும் என்று நான் நினைத்தேன்.

பெரியப்பா அரிய வளைவு ஒன்றில் இருந்தபோது, தூரத்துப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு ஒலித்தது. சலீம் சட்டைப் பையிலிருந்து பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்து, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு, கடித்தான்.

பெரியப்பாவின் கால் பெடலிலிருந்து எழுந்தது. "இன்னா தம்பி... நோன்பு தொறந்துட்டியா?"

"ஆமாங்க. பொழுது சாஞ்சிடுச்சில்ல?"

யாரோ ஜமுக்காளத்தை இழுத்து, ஜன்னலைத் திறந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு எரிந்தது. திரையில் ஓட்டுநர் இல்லாத கார் அமைதியாக வயலில் இறங்கியது.

அடுப்படியிலிருந்து நெய்யில் வறுத்த முந்திரியின் மணம் மட்டும் மெல்ல நடந்து வந்து எங்கள் நடுவே உட்கார்ந்தது.

"வாட்ச் கட்டிக்கினு இருக்கியேப்பா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் அம்மா, அழாக்குறையாக.

"எப்படா சாயும்னு நான் பாத்துக்கினு இருந்தேம்மா. உங்களுக்கு அது சாயக் கூடாதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றான் சலீம்.

பாவம், தெரியாதுதான். விழுப்புரத்தில் அவனோடு நான் பகிர்ந்தது மதிய உணவு மட்டுமே.

அன்று அந்த விருந்தில் சாப்பிட்டவன் சலீம் ஒருவனே. நடுக்கூடத்தில் அவனுக்கு இலை போட்டார்கள். அம்மா பரிமாறினாள், அக்கா விசிறினாள், உறவினர் அனைவரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள்.

"எல்லாரும் இப்படிப் பாத்தா எப்படிங்க முழுங்குறது?" என்று நெளிந்தான்.

"நீ சாப்புடு தம்பி, எங்கள பாக்காத" என்ற பெரியப்பா, சற்றுப் பொறுத்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: "வடை மொறுமொறுன்னு இருக்குதா? அத மட்டும் சொல்லு."

மிஞ்சிய விருந்து தெருவெல்லாம் பகிரப்பட்டது. "தீர்ப்பு காலையில. பசியில தீர்ப்பு சொல்லக் கூடாது" என்று அப்பா படுத்துவிட்டார். அன்றிரவு எங்கள் கூடத்தில் குறட்டையைவிட வயிறுகளே உரக்கப் பேசின.

மறுநாள், வெயில் ஏறியபின், இட்லிகளுக்கு நடுவே தீர்ப்பு வந்தது.

"ஸ்டியரிங் உசத்தியான பொருள்தான், சந்தேகமே இல்ல. குச்சி கிட்டயே வர முடியாது. எங்க அண்ணனுக்கே பொழுது சாஞ்சது தெரியல. இத்தினி பேருக்குப் பசிய மறக்கடிச்சுதே, அதனாலதான் சொல்றேன், அது இந்த வீட்டுக்கு ஆவாது. பத்மினிக்கு சைக்கிள்."

மேல்முறையீட்டுக்காக என் வலக்கை எழுந்தது. எழுந்த கையில் அம்மா ஓர் இட்லியை வைத்தாள்.

ஸ்டியரிங் பாண்டிச்சேரிக்குப் போனது. சைக்கிள் வந்தது. பத்மினி அதை ஓட்டிப் படித்து இப்போது ஆசிரியையாக இருக்கிறாள். தெரிந்ததை மட்டும் பேசுகிறாள். சென்ற ஆண்டு விழுப்புரத்தில் எனக்குத் திருமணம். வரவேற்பில், "மணமகன் சில வார்த்தைகள் பேசுவார்" என்று யாரோ அறிவித்ததும் முன்வரிசையிலிருந்து பெரியப்பா எழுந்தார். "இருங்க! பந்தி முடிஞ்சுதா? முடிஞ்சாத்தான் மைக்!" என்றார். பத்மினி ஓடிப்போய் மண்டபத்தின் மேற்கு ஜன்னல்களைத் திறந்துவைத்தாள். சலீம் மட்டும் என் பக்கம் நின்றான். "நீ பேசு மச்சி. உன் பேச்சுலதான் என் வயிறு ரொம்பிச்சு" என்றான்.

இந்தக் கட்டுரையை முடித்து, ஓசை நயம் பார்ப்பதற்காக இப்போதுதான் உரக்கப் படிக்கத் தொடங்கினேன். முதல் வாக்கியம் முடியவில்லை. அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் கேட்கிறது:

"தரணி! மணி இன்னாடா ஆவுது?"