பின்சக்கரத்தின் வாக்குமூலம்

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பின்னாடி உக்கார்ற அம்மாவைக் கொஞ்சம் உடம்பைக் குறைக்கச் சொல்லுங்க" என்றார் மெக்கானிக்.

அவர் கையில் ஊசியின் வண்டியிலிருந்து கழற்றிய, செயின் ஓடுகிற பின்சக்கரப் பல்சக்கரம், அதாவது ஸ்ப்ராக்கெட், இருந்தது. மாட்டிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் பற்களெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுறாவின் வாய் மாதிரி கூராகிவிட்டன. பழைய செயின் செத்த பாம்பாக மேசை ஓரத்தில் தொங்கியது.

ஊசி என்பது பட்டப்பெயர். பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. உருவமும் வேலைக்கேற்ற மாதிரி. வண்டியில் எப்போதும் தனியாகத்தான் போவான். அவன் மனைவிக்கு இரண்டு சக்கரம் என்றாலே நடுக்கம். கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட அதில் ஏறியதில்லை. எங்கே போவதானாலும் பஸ்தான். பஸ் நிறுத்தம் ஒர்க்‌ஷாப்புக்கு எதிரிலேயே இருந்தது. அதனால்தான் காய்கறிப் பையோடு அவள் அப்போது ஊசிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"எந்த அம்மா?" என்றாள்.

மெக்கானிக் அவளைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். ஸ்ப்ராக்கெட்டைச் சத்தம் வராமல் கீழே வைத்தார்.

"பொதுவாச் சொன்னேம்மா."

"பொதுவா எந்த அம்மா?"

வீட்டில் அவள் கத்தியிருந்தால் ஊசி சமாளித்திருப்பான். அவள் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். பின்னால் யாருமே உட்கார்வதில்லை என்ற உண்மையை ஊசி சொன்னான். சொல்லும்போதே அது அவனுக்கே நம்பும்படியாக இல்லை. எனவே கூடவே சின்னதாக ஒரு பொய்யைச் சேர்த்தான். பரிசோதனை நிலையத்துக் கேஷியர் நல்ல பருமன்; எப்போதாவது அவரை ஏற்றிக்கொண்டு போவதுண்டு என்றான்.

அவள் உடனே கேஷியருக்குப் போன் போட்டாள். கேஷியர் நட்புக்காக எதையும் செய்பவர். நண்பனின் மனைவி குரலைக் கேட்டதுமே விஷயம் என்னவென்று தெரியாமலேயே காப்பாற்ற இறங்கிவிட்டார்.

"ஆமாம்மா, தினமும் என்னைத்தான் ஏத்திட்டுப் போறாரு. இன்னைக்குச் சாயங்காலம்கூட வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டாரே."

அன்று சாயங்காலம் வண்டி பின்சக்கரம் இல்லாமல் அவள் கண்ணெதிரே கிடந்தது.

தேய்மானம் நின்றால் சந்தேகமும் நின்றுவிடும் என்று ஊசி கணக்குப் போட்டான். புது செயின், புது ஸ்ப்ராக்கெட் மாட்டினான். அதோடு விடாமல், அதுவரை எப்போதாவது சர்வீஸுக்கு இரண்டு மூன்று நாள் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவந்த வண்டியை, இனி சனிக்கிழமைதோறும் சாயங்காலம் அங்கே விட்டுத் திங்கட்கிழமை காலையில் எடுப்பதை வழக்கமாக்கினான். செயினைக் கழுவி, எண்ணெய் போட்டு, இறுக்கம் பார்க்க வேண்டாமா? மெக்கானிக்கும் அந்த வண்டியைச் சொந்தப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார்.

எண்ணெய் போடப் போட அது தேய்ந்தது. முந்தைய செட்டாவது சில மாதம் தாங்கியது. இது வாரங்களில் போய்விட்டது. மனைவிக்கு இப்போது கேட்பதற்கு ஒரு நல்ல கேள்வியும் கிடைத்திருந்தது: சனிக்கிழமை ராத்திரி வண்டி யார் வீட்டு வாசலில் நிற்கிறது?

கேள்வி அவள் அண்ணனுக்குப் போயிற்று. மச்சான் வந்தார். சரக்கு வேன் ஓட்டுகிறவர். பேச்சு குறைவு, கை பெரிது. "மாப்பிள்ளை" என்று அவர் மரியாதையாகக் கூப்பிட்டதும் ஊசி ஓர் அடி பின்வாங்கினான். ஒரே ஆள் பேச்சை நம்பி ஒரு முடிவுக்கு வரக்கூடாது என்றார் மச்சான். ஊசி நன்றியோடு தலையாட்டினான். இருவருமாக ஊரின் மறுகோடியில் இருந்த இன்னொரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனார்கள்.

இந்த மெக்கானிக் பின்சக்கரத்தின் நடுப்பகுதியைத் திறந்தார். அதிர்வு தாங்குவதற்காக உள்ளே வைக்கிற ரப்பர் துண்டுகள் கறுப்புத் தூளாகக் கொட்டின. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்த்தால் மீட்டர் எப்போதோ செத்திருந்தது. அது ஏன் செத்தது என்று மச்சான் கேட்கவில்லை. ஊசியைப் பார்த்ததோடு சரி.

"இது ஒரு ஆள் பாரம் இல்லைங்க" என்றார் மெக்கானிக். "பின்னாடி ஒரு கனத்த ஆளு. முன்னாடி டேங்க் மேல ஒரு குழந்தை. செருப்புக் கால் உரசி ரெண்டு பக்கமும் பெயிண்ட் போயிருக்கு பாருங்க."

மச்சான் டேங்கைத் தடவிப் பார்த்தார்.

"பையனா, பொண்ணா?"

"அது தெரியலைங்க."

ஊசிக்கும் அவன் மனைவிக்கும் குழந்தை இல்லை. அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது என்று இருவரும் எப்போதோ பேசாமலேயே முடிவு செய்திருந்தார்கள். மச்சான் விஷயத்தைச் சொன்னதும் அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்தாள். பிறகு, "என்ன வயசு இருக்குமாம்?" என்று மட்டும் கேட்டாள். அடுத்து பீரோவைத் திறந்து தன் புடவைகளை வெளியே எடுக்க ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவளுடைய பெட்டியும் தையல் மெஷினும் மச்சானின் வேனில் ஏறின. அம்மா வீட்டுக்குத்தான். திரும்பி வருகிற எண்ணம் இருந்தால் யாரும் தையல் மெஷினை எடுத்துக்கொண்டு போவதில்லை. ஊசி கடைசியாக ஒன்று கெஞ்சினான். இதை ஆரம்பித்து வைத்தது முதல் மெக்கானிக்; போகிற வழியில் அவரிடம் நிறுத்தட்டும்; தான் சொன்னது தப்பு என்று அவரே சொன்னால் போதும்.

"அவரு வாயால சொல்லட்டும், இறங்கிடறேன்" என்றாள்.

ஊசி முன்னால் வண்டியில் போய் பஸ் நிறுத்தத்தில் நிறுத்தினான். வேன் பின்னால் வந்து நின்றது. ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் வேனைப் பார்த்தார், அதிலிருந்து இறங்கிய மச்சானைப் பார்த்தார். கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. ஊசி வாயைத் திறப்பதற்குள் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுடுங்க சார். குடும்பம்னு ஒண்ணு இருந்தா ஆம்பளை இப்படியெல்லாம் பண்ண வேண்டியிருக்கு. பெரிசு பண்ணாதீங்க."

வேனுக்குள்ளிருந்த மனைவிக்கு அது தெளிவாகக் கேட்டது. வேறு யாரும் இனி எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மெக்கானிக், வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தபடி உள்ளே போய் விளக்குகளை அணைக்கத் தொடங்கினார். ஊசி சாலையைக் கடந்து வந்து தன் வண்டி மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

அப்போது ஒரு சின்னப் பெண் ஓடி வந்தாள். வண்டி யாருடையது, மேலே இருப்பது யார் என்றெல்லாம் பார்க்கவில்லை. பழகிய காலால் ஏறி, ஊசிக்கு முன்னால் டேங்க் மேல் உட்கார்ந்தாள். அவள் செருப்பு இரண்டும் பெயிண்ட் போன இடங்களில் கச்சிதமாகப் பொருந்தின.

"ஐ, அப்பா வண்டி" என்றாள் தெருவுக்கே.

மனைவி வேனிலிருந்து இறங்கினாள். மச்சான் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார்.

குழந்தைக்குப் பின்னால் கனத்த உடம்போடு ஒரு பெண் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். பின்சீட்டில் கையை ஊன்றிச் சற்று ஆசுவாசப்படுத்திக்கொண்டு, ஊசியைப் பார்த்தாள்.

"சார், வண்டியை விட்டுக் கொஞ்சம் இறங்கிக்கிறீங்களா? எங்க வீட்டுக்காரரு ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிட்டு இதோ வந்துடுவாரு."