ஒத்தை சீட்டு மொட்டைவண்டி

கொல்லிமலையில் மோட்டார் சைக்கிள் வைத்துக்கொண்டு அதிக தூரம் நடந்தவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், மொட்டைவண்டிக்காரரை ஜெயிக்க இந்த மலையில் மட்டுமல்ல, கீழே நாமக்கல், சேலம் வரைக்கும் தேடினாலும் ஆள் கிடைக்காது. வண்டி ரிப்பேராகி நின்றதால் நடந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். வண்டி நன்றாகவே ஓடியது. அதுதான் கொடுமை.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். மலையில் பத்திருபது ஊர் சேர்ந்தால் ஒரு நாடு; எங்கள் வளப்பூர் நாட்டில் யாரைக் கேட்டாலும், "மொட்டவண்டிக்காரர் ஊடுங்களா?" என்று கை நீட்டுவார்கள். வேளாண்மை அலுவலகத்தில் குமாஸ்தாவாக நான் மலைக்கு மாற்றலாகி வந்தபோது அவர் வீட்டு முன்னறையில்தான் குடியிருந்தேன். கொஞ்சம் மிளகுத் தோட்டம், கொஞ்சம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடு, ஒரு வெல்டிங் மெஷின், இவைதான் அவருடைய சொத்து. முதல் இரண்டும் குடும்பத்துக்குச் சோறு போட்டன. மூன்றாவது, குடும்பத்தோடு சேர்த்து என்னையும் பாடாய்ப் படுத்தியது.

நான் குடிவந்த புதிதில் அவருக்கு இந்தப் பட்டப்பெயர் கிடையாது. வண்டிக்கும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் இருந்தன. அவருடைய மாமனார் ஓட்டிக்கொண்டிருந்த பழைய மோட்டார் சைக்கிள் அது. டபடபவென்று நிதானமாகப் போகும். சந்தை நாளில் அவருடைய மனைவி செல்லாயி அக்கா மடியில் மிளகு மூட்டையை வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்து, சந்தை கூடுகிற சோளக்காடு ஊருக்குப் போவார். அப்பன் வீட்டு வண்டியில் புருஷனை ஓட்டவிட்டுப் போகிற கம்பீரம் அந்த முகத்தில் இருக்கும்.

அந்த வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. காட்டு வேலை இல்லை. மனிதர் போனும் கையுமாக உட்கார்ந்தார். எவனோ ஒரு தாடிக்காரன், எந்த நாட்டிலோ ஆளே இல்லாத ரோட்டில், ஒற்றை சீட்டு வண்டியில் தன்னந்தனியாகப் போகிற வீடியோவைப் பார்த்துவிட்டார். அதற்கு 'பாபர்' என்று பெயராம். இருக்கிற மோட்டார் சைக்கிளில் பின்சீட்டு, மட்கார்டு, கேரியர் என்று உபரியை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, தடித்த டயர் போட்டு, தாழ்வாக ஒரே ஒரு சீட்டு வைத்தால் பாபர்.

செல்லாயி அக்கா களை எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து வேலையை முடித்துவிட்டார். அக்கா திரும்பி வந்தபோது அவருடைய சீட்டு, அடியில் இருந்த கம்பிகளோடு வாசலில் கிடந்தது. மீதி வண்டி நடுவீட்டில் நின்றது.

"ஏனுங்க, நான் எங்க உக்கார்றதுங்க?"

"பாபர்னா ஒத்த சீட்டுதான் புள்ள. ஒரு ஆளு, ஒரு ரோடு, காத்து. அவ்வளவுதான். தேவையில்லாதது ஒண்ணு கூட வண்டில இருக்கக்கூடாது."

"அப்பறம் உங்களுக்கு மட்டும் எதுக்குங்க ஒரு சீட்டு?"

அவர் ஸ்பேனரைத் தேடப் போய்விட்டார். அக்கா அந்தச் சீட்டை எடுத்து, துடைத்து, பழைய சேலையில் சுற்றிப் பரணில் வைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்கள் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு ஆரம்பித்தது திருப்பணி. ஹேண்டில்பார் அகலமாக வேண்டுமாம். தண்ணீர்க் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து, வளைக்கும்போது நசுங்காமல் இருக்க உள்ளே மணலைக் கொட்டி அடைத்து, கொல்லையில் இருந்த பலாமரத்தின் கவட்டையில் செருகினார். ஒரு பக்கம் அவர் தொங்கினார், மறுபக்கம் நான். பலாப்பிஞ்சுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. கடைசியில் குழாய் வளைந்தது. ஒரு கைப்பிடி அரியூர் நாட்டைப் பார்த்தது, இன்னொன்று பைல் நாட்டைப் பார்த்தது.

"கோணலா இருக்குதுங்களே அண்ணா?"

"அதுதானுங் சார் ஸ்டைலு."

அவர் செய்த தப்பு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர்தான். பழைய சைக்கிள் சீட்டின் ஸ்பிரிங் இரண்டை வைத்துச் சீட்டுப் போட்டார். பள்ளத்தில் இறங்கினால் ஆள் ஒரு முழம் மேலே போய்த்தான் திரும்புவார். ஏதோ காரிலிருந்து கழற்றிய பட்டை டயரைப் பின்சக்கரத்தில் ஏற்றினார். சைலன்சர் தேவையில்லை என்று முடிவாகி அதுவும் போயிற்று. வேலை முடியும்வரை பெட்ரோல் டேங்க் என் கட்டிலுக்கடியில் குடியேறியது. ரசம், துணி, தலையணை எல்லாவற்றிலும் பெட்ரோல் வாசம். பீடி குடிக்கிற விருந்தாளி யாராவது வந்தால் நான் ஓடிப்போய் வெளியில் நின்றுகொள்வேன்.

கறுப்பு பெயிண்ட் அடித்தாரே, அது தனிக் கதை. மழை விட்டு வெயில் வந்த நாள். வாசலில் அக்கா மிளகு காயப்போட்டிருந்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காமல் இவர் பெயிண்டை ஸ்பிரே அடித்தார். சாயங்காலம் மிளகு கண்ணாடி போலப் பளபளத்தது. "மொளகும் கறுப்பு, பெயிண்டும் கறுப்பு, யாருக்குங்க தெரியும்?" என்று என்னிடம் கண்ணடித்தார். அக்கா அதை அப்படியே அள்ளி வந்து அவர் முன்னால் கொட்டினார். "இனி உங்களுக்கு இதுலதானுங்க ரசம்" என்றார். அந்த மிளகு குப்பைக்குழிக்குப் போய்ச் சேரும்வரை மனிதர் ரசத்தைத் தொடவே இல்லை.

ஒருவழியாக வண்டி தயாரானது. முதல் உதையிலேயே கிளம்பியது என்பதை நான் வயிற்றெரிச்சலோடு பதிவு செய்கிறேன். அந்தச் சத்தத்தில் கோழிகள் கூரை ஏறின. கழுத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, "தனியாப் போயிட்டு வாரேனுங் சார்" என்று கிளம்பினார்.

இங்கே மலை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கீழே உங்கள் ஊரில் லிஃப்ட் கேட்கிறவர்கள் கட்டை விரலைக் காட்டுவார்கள், பல்லைக் காட்டுவார்கள். மலையில் யாரும் கேட்பது கிடையாது. பின்னால் வண்டிச் சத்தம் கேட்டால், தலைச்சுமையை இறக்கி இடுப்பில் மாற்றிக்கொண்டு திரும்பி நிற்பார்கள். நிற்காமல் போகிற வண்டி என்ற ஒன்றே அவர்கள் கணக்கில் இல்லை. இவருடைய வண்டியோ, ஒரு மைலுக்கு முன்னாலேயே ஊரைக் கூட்டுகிற சத்தம். சைலன்சரைக் கழற்றி எறிந்தவர் தனக்குத் தானே தண்டோரா போட்டுக்கொண்டு போனார்.

முதல் திருப்பத்திலேயே எங்கள் ஊர் வெள்ளையம்மா கிழங்குக் கூடையோடு திரும்பி நின்றுகொண்டிருந்தார். வண்டி நின்றது. ஏறுவதற்குச் சேலையைச் செருகிக்கொண்டு பின்பக்கம் போன அந்தம்மா, வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏங் கண்ணு, மிச்ச வண்டி எங்க?"

"இவ்வளவுதாங்க்கா வண்டி."

"அட பாவமே. எவனாச்சும் திருடிப்போட்டானா?"

பாபர் தத்துவத்தை வெள்ளையம்மாவுக்கு விளக்கியிருக்கிறார். அந்தம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செரி கண்ணு, நீ போ, நான் நடந்துக்கறேன்" என்றிருக்கிறார். அங்கேதான் தாடிக்காரனின் சீடரான நம் ஆள் கவிழ்ந்தார். ஒரு பொம்பளை சுமையோடு நடக்க, தான் மட்டும் உட்கார்ந்து போவதற்கு அவர் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. இறங்கினார். கூடையை எடுத்து ஒற்றை சீட்டில் வைத்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு, அந்தம்மாவின் மருமகள் செய்த அக்கிரமங்களைக் கேட்டபடியே செம்மேடு வரை நடந்தார்.

அதற்கப்புறம் அதுவே வாடிக்கையாயிற்று. தன்னந்தனியாகக் காற்றில் பறக்கச் செய்த வண்டி, வாழைத்தார், பலாப்பழம், சாமை மூட்டை என்று சவாரி போனது. சொந்தக்காரர் பக்கத்தில் நடந்தார். காற்று வாங்கப் போனவர் வேர்த்து விறுவிறுத்து வீடு வந்தார். பெட்ரோல் செலவு மட்டும் குறைந்தது.

"அண்ணா, இதுக்கு ஒரு கழுதை வாங்கியிருக்கலாமுங்க."

"சிரிங்க சார், சிரிங்க. நாமக்கல்ல பாருங்க."

நாமக்கல்லில் இப்படி வெட்டித் தைத்த வண்டிகளுக்கென்று ஒரு கண்காட்சி வைப்பதாகப் போனில் செய்தி வந்திருந்தது. பத்து மணிக்குள் வண்டி மைதானத்தில் நிற்க வேண்டும். மனிதருக்கு அதுதான் உயிர். மலையில் எல்லாரும் சிரித்தாகிவிட்டது. விஷயம் தெரிந்த ஒருவனாவது வண்டியைச் சுற்றிவந்து "நல்லா செஞ்சிருக்கீங்க" என்று சொல்லிவிட வேண்டும். அக்காவும் அதற்கு ஒரு பந்தயம் கட்டினார்.

"அங்க நாலு பேரு நல்லா இருக்குதுன்னு சொன்னா, நான் இனி வாயே தொறக்கலீங்க. இல்லீன்னா பரண்ல இருக்கற என்ற சீட்டை எறக்கித் தாரேன். பழையபடி ஒட்டவெச்சுப் போடோணும். செரீங்களா?"

"எட்டுக்கை அம்மன் மேல சத்தியம் புள்ள."

அந்த நாள் காலையில் வண்டியை எண்ணெய் போட்டுத் துடைத்தார். என் ஸ்கூட்டரின் ஹேண்டில்பாரில் போனைக் கட்டிவிட்டு, பின்னாலேயே வந்து வீடியோ எடுக்கச் சொன்னார். அன்று சந்தை நாள். காலை பஸ் வேறு வரவில்லை. அக்கா முன்னாடியே யாருடைய ஜீப்பிலோ தொற்றிக்கொண்டு மிளகோடு போய்விட்டார். மற்றவர்கள் எல்லாம் சுமையோடு ரோட்டில் நடந்துகொண்டிருந்தார்கள்.

"இன்னைக்கு யாரு நின்னாலும் நிக்கமாட்டனுங் சார்" என்று சொல்லி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். அப்படியே செய்தார். தலையைத் திருப்பாமல் போனார். ரோட்டோரம் சுமையை இறக்கித் திரும்பி நின்றவர்கள், வண்டி தங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்தார்கள். பின்னால் வந்த நான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. என்ன நடந்தது என்று புரியாத முகங்கள். வெள்ளையம்மா இரண்டு பலாப்பழத்தோடு நின்றுகொண்டிருந்தார். வண்டி அவரையும் தாண்டியது.

"பாவம், தலையில அந்தச் சட்டியக் கவுத்துனதுல கண்ணுத் தெரியலையாட்ட இருக்குது" என்று உரக்கச் சொன்னார்.

அடுத்த திருப்பத்தில் டபடப சத்தம் நின்றது. சைலன்சர் இல்லாத அந்த வண்டியின் சத்தத்துக்கு மேலேயும் அந்தம்மாவின் குரல் எட்டியிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மனிதர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"மணியாகுதுங்கண்ணா!"

"திட்டியிருந்தா போயிருப்பனுங் சார். பாவம்னு சொல்லிப்போட்டாங்க."

அவ்வளவுதான். சீட்டில் ஒரு பலாப்பழம், டேங்கின் மேல் ஒன்று. கோணல் ஹேண்டில்பாரில் இந்தப் பக்கம் வாழைத்தார், அந்தப் பக்கம் கிழங்குப் பை. ஸ்டைல் அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. என் ஸ்கூட்டரிலும் இரண்டு பேரும் ஒரு சேவலும் ஏறினார்கள். சேவல் வீடியோவை மறைத்துக்கொண்டது. ஊர்வலமாகச் சோளக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாமக்கல்லில் பத்து மணி எப்போதோ அடித்திருந்தது. மலையிலிருந்து கீழே இறங்குகிற எழுபது கொண்டை ஊசி வளைவில் முதல் வளைவைக்கூட அவர் பார்க்கவில்லை.

சந்தையில் வண்டியை நிறுத்தியதும் கூட்டம் கூடியது. கீழே இருந்து சரக்கு எடுக்க வந்த வியாபாரி ஒருவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயரை அழுத்திப் பார்த்தார். வெல்டிங்கைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா செஞ்சிருக்கீங்க. இந்தப் பலாப்பழ வண்டி கடையில கெடைக்குதுங்களா, ஆர்டர் குடுத்துச் செஞ்சதுங்களா?"

மொட்டைவண்டிக்காரர் கையிலிருந்த ஹெல்மெட்டை வண்டியில் மாட்டினார். "நானே செஞ்சதுங்க" என்று மட்டும் சொன்னார். எத்தனையோ மாதம் காத்திருந்த பாராட்டு, இப்படி வந்து சேர்ந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையாகவே வரவில்லை.

மிளகை விற்றுவிட்டு வந்த செல்லாயி அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பழத்தை இறக்கி வைத்துவிட்டு, சீட்டில் ஒட்டியிருந்த பலாப்பாலை முந்தானையால் துடைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனிதர் தானாகவே வெல்டிங் மெஷினை வெளியே எடுத்து வைத்தார். முகம் செத்துப்போயிருந்தது. "சீட்டை எறக்கு புள்ள. சத்தியம் பண்ணியிருக்கறன்" என்றார்.

அக்கா பரணை ஒருமுறை பார்த்தார்.

"வேண்டாம் உடுங்க. பின்னாடி ஒரு சீட்டு இருந்தா ஒருத்தரத்தான் ஏத்துவீங்க. இப்ப பாருங்க, பாதிச் சந்தையே உங்ககூட வருது."

"அப்ப சத்தியம்?"

"கேட்டவ நானு, உட்டவளும் நானு. அம்மன் கோவிச்சுக்க மாட்டா. கைகால் கழுவிப்போட்டு வாங்க, ரசம் வெச்சிருக்கறன்."

அவர் பயந்துகொண்டே, எந்த மிளகு என்று கேட்டார். நல்ல மிளகுதான் என்று அக்கா சொன்ன பிறகுதான் எழுந்தார்.

எனக்கு மாற்றல் வந்தபோது ஸ்கூட்டரை முந்தின நாளே லாரியில் கீழே அனுப்பிவிட்டேன். காலையில் என் டிரங்குப் பெட்டியைத் தூக்கி ஒற்றை சீட்டில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார். பஸ் நிற்கும் இடம் வரை அவர் வண்டியைத் தள்ள, நான் கூட நடந்தேன். வழியில் ஒரு கிழங்குக் கூடையும் சேர்ந்துகொண்டது. நான் பஸ்ஸில் ஏறிய பிறகு அவர் ஜன்னலுக்கு வந்து, "ஒரு நாளு தனியாப் போகத்தானுங் சார் போறன், பாருங்க" என்றார். போகவே மாட்டார் என்று அவருக்கும் தெரியும்.

இப்போது நான் இருப்பது கீழே, நிமிஷத்துக்கு நூறு வண்டி போகிற ஊர். எதுவும் யாருக்காகவும் நிற்பதில்லை. ஆனாலும் காய்கறி வாங்கிக்கொண்டு வரும்போது பின்னால் எங்காவது டபடபவென்று சத்தம் கேட்டால், பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு திரும்பி நின்றுவிடுகிறேன்.