கண்ணிலிருந்து ஊசி எடுத்த சாமி

ஜவ்வாது மலையில் பஸ் நினைத்தால் வரும், கரண்ட் நினைத்தால் போகும். சாமியார்கள் மட்டும் யாரும் கூப்பிடாமலே வந்துவிடுவார்கள். இந்த வருஷம் வந்து இறங்கியவர் ஊசிச்சாமி.

சர்க்கரை நோய் முற்றி விழித்திரையில் நீர் கோத்துக்கொண்டால், பெரியாஸ்பத்திரியில் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள் அல்லவா? அப்படிப் போடும்போது ஊசியின் முனை ஒடிந்து உள்ளே தங்கிவிடுகிறதாம். டாக்டருக்குத் தெரியாதாம், மெஷினுக்கும் தெரியாதாம், ஊசிச்சாமிக்கு மட்டும் தெரியுமாம். மூடிய கண்மேல் ஒரு வெற்றிலை. வெற்றிலைமேல் ஒரு பப்பாளித் தண்டு. ஒரே உறிஞ்சு! பித்தளைத் தட்டில் துப்பினால் 'டிங்' என்று ஊசி முனை விழும். கூட்டம் 'கோவிந்தா' போடும்.

ஒரு தடவை துப்பியதில் ஊசியோடு நீல நூலும் சேர்ந்து வந்துவிட்டது.

"இன்னா சாமி, நூலு கீது?" என்றாள் ஓர் அம்மாள்.

"நூலு இல்லமா, நரம்பு."

"நீலமா கீதே?"

"கெட்டுப்போன நரம்பு நீலமாத்தான் இருக்கும்."

அடடா! நரம்புக்கு முடிச்சுப் போட்டிருந்ததைக்கூட யாரும் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் புகழ் கலசப்பாக்கம் வரைக்கும் இறங்கியது. படவேட்டுக் கோயிலுக்கு வேன் போட்டு வந்தவர்கள் அப்படியே வண்டியை மலைக்குத் திருப்பினார்கள். காணிக்கையைப் பணமாகத் தரலாம், புளியாகத் தரலாம், தேனாகத் தரலாம். கையில் ஒன்றும் இல்லாதவர்களுக்காகச் சூலத்தின் அடியில், செல்போனில் பணம் அனுப்ப ஸ்கேன் பண்ணும் அட்டையும் ஒட்டியிருந்தது.

இந்த ஊசிச்சாமியிடம்தான் போகப் போவதாகக் கோபால்சாமி தன் வீட்டில் அறிவித்தார்.

கோபால்சாமி சாதாரண ஆள் இல்லை. உச்சிக் கிளைவரை ஏறி நின்று புளி உலுக்குவார். கரடி எதிரில் வந்தால் கரடிதான் ஒதுங்க வேண்டும். ஆனால் ஊசி என்று சொன்னால் போதும், மனிதருக்குக் கால் இரண்டும் தந்தியடிக்கும். கரண்ட் கம்பம் நெளிந்து நிற்கிறது என்று அவர் லைன்மேனோடு கட்டிப் புரண்டபோதுதான், நெளிந்தது கம்பம் இல்லை, கண் என்று தெரிந்தது. மனைவி மங்கம்மாள் அவரைக் கீழே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். இடது கண் கைமீறிப் போய்விட்டது, வலது கண்ணையாவது காப்பாற்றலாம் என்றார் டாக்டர். முதல் ஊசி போடும்போது கோபால்சாமி போட்ட கூச்சலில் வராந்தாவே எழுந்து நின்றது.

"ஐயா, இன்னும் போடவே இல்லைங்க. சொட்டு மருந்துதான் விட்டேன்," என்றார் டாக்டர்.

போட்ட பிறகு, "எப்பங்க போடுவீங்க?" என்று கேட்டவரும் இவரேதான். ஆனால் ஊருக்குத் திரும்பியதும், ஈட்டியால் குத்தினார்கள் என்று சொல்லிவிட்டார். ஆண்பிள்ளை அல்லவா!

ஊசிக்கு அப்புறம் ஒன்றிரண்டு நாள் கண்ணுக்குள் கறுப்பாய்க் குமிழி மிதக்கும், தானாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். கோபால்சாமி அந்த நேரத்தில் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை. குமிழி மிதந்தது, போய்விட்டது. ஊசிச்சாமி விஷயம் காதுக்கு எட்டியதும் மனிதருக்கு ஞானம் பிறந்துவிட்டது.

"அது ஊசி மொனதான்டி. போவல, உள்ள பூந்து பதுங்கிக்கிச்சி. காட்ல முள்ளு குத்துனா எடுக்கறோமில்ல? ஊசி குத்துனா எடுக்க வாணாமா?"

"வியாழக்கெழம அடுத்த ஊசிங்க. நாளு தப்புனா மறுபடி நீர் கோத்துக்கும், போன பார்வ வராதுன்னு டாக்டரு படிச்சிப் படிச்சி சொன்னாரே!" மங்கம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. "கீறது அந்த ஒரு கண்ணுதான். அதுவும் போய்ட்டா நா இன்னா பண்ணுவேன்?"

அப்போது புளி வாங்கக் கலசப்பாக்கத்திலிருந்து வந்திருந்தாள் கோபால்சாமியின் அக்கா ரஞ்சிதம். சின்ன வயதில் மாடு முட்டி அவளுக்கு வலது கண் போயிற்று. அந்த இடத்தில் பிளாஸ்டிக் கண் வைத்திருக்கிறாள். அசல் கண் போலவே இருப்பதால் வெளியாட்களுக்குத் தெரியாது.

"டேய் கோபாலு, நானும் வர்றேன்டா. எனக்கும் இந்தக் கண்ணுல எடுக்கட்டும்," என்றாள்.

"அது பிளாஸ்டிக்காச்சே அக்கா? அதுல எப்படி ஊசி வரும்?"

"வராதில்ல? சாமி ஒண்ணும் இல்லன்னு சொன்னா அவரு நல்லவரு. உன் கண்ணையும் குடு. ஊசி வந்துச்சின்னா வாயப் பொத்திக்கினு வியாழக்கெழம ஆஸ்பத்திரிக்கு வரணும். இன்னா சொல்ற?"

கோபால்சாமி சரி என்றார். ஊசிச்சாமி ஞானக் கண் உள்ளவர், எப்படியும் கண்டுபிடித்துவிடுவார் என்று அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் காலையில் மூவரும் போனார்கள். திருவிழாக் கூட்டம். ரஞ்சிதம் சாமி முன்னால் உட்கார்ந்து வலது கண்ணைக் காட்டினாள்.

"சுத்தமா தெரியல சாமி."

சாமி இமையைத் தொட்டுப் பார்த்தார். கண்ணை உற்றுப் பார்த்தார். அந்தக் கண்ணும் அவரை அசையாமல் பார்த்தது. கோபால்சாமி மனசுக்குள் மன்றாடினார். சொல்லுங்க சாமி, ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க!

"ஐயோ பாவம்! ஒண்ணு இல்லமா, ரெண்டு ஊசி கீது. வேர் விட்டுப்போச்சி."

வெற்றிலை, தண்டு, ஒரே உறிஞ்சு. டிங்! இன்னொரு உறிஞ்சு. டிங்!

"கோவிந்தா!"

கூட்டத்தில் கோபால்சாமி மட்டும் கோவிந்தா போடவில்லை.

"இப்ப மெதுவா கண்ணத் தொறந்து காட்டுமா," என்றார் சாமி.

"எதுக்கு சாமி தொறக்கணும்? கையிலயே குடுத்துடறேன்," என்ற ரஞ்சிதம், கீழிமையை விரலால் இழுத்துக் கண்ணைக் கழற்றி, தட்டில் ஊசிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

தட்டிலிருந்து அந்தக் கண் சாமியைப் பார்த்தது.

கூட்டம் 'ஐயோ' என்றது. ஆனால் எல்லாரையும்விடப் பெரிதாக அலறியவர் சாமிதான். உறிஞ்சின உறிஞ்சில் கண்ணே கழன்று வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார் மனிதர்.

"நா இல்லமா! சத்தியமா நா உறிஞ்சவே இல்லமா! தண்டுல சும்மா சத்தந்தான் குடுத்தேன்! ஊசியெல்லாம் என் வாயிலயே இருந்துச்சிமா! இதோ பாருமா!"

கன்னத்துக்குள் அடக்கி வைத்திருந்த மிச்ச ஊசிகளையும் துப்பினார். டிங், டிங், டிங். ஒன்று கூட ஆஸ்பத்திரி ஊசி இல்லை. எல்லாம் தையல் மெஷின் ஊசியை ஒடித்த துண்டுகள்.

"இன்னும் ரெண்டு துப்புனா ஜாக்கெட்டே தெச்சிடலாம்," என்றாள் மங்கம்மாள்.

கூட்டத்துக்கு விஷயம் புரிவதற்குள் சாமி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, இளவட்டங்களே வியக்கும் வேகத்தில் சரிவில் இறங்கிவிட்டார். "சாமி நம்மள சோதிக்கறாரு!" என்று கையெடுத்துக் கும்பிட்டார் ஒருவர். இருப்பாரே, எந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பாரே! மற்றவர்கள் தங்கள் புளியைத் தேடி மூட்டையைப் பிரித்தார்கள்.

ரஞ்சிதம் கண்ணைக் கழுவி மாட்டிக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். கோபால்சாமி கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி. தலைக்குப் பச்சைத் தொப்பி, கண்ணில் சொட்டு மருந்து, வரிசையாகப் பெஞ்சில் நோயாளிகள். கோபால்சாமி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். பக்கத்தில், முகத்தை மழித்துச் சட்டை பேண்ட் போட்ட ஓர் ஆள் வெகு நிதானமாக உட்கார்ந்திருந்தார்.

"வலிக்குமாங்க?" என்று அவரிடம் கேட்டார் கோபால்சாமி.

"சேச்சே! மரத்துப்போயிடும். லேசா அழுத்தற மாதிரி இருக்கும், அவ்ளோதான். நா அஞ்சாறு போட்டுட்டேன். இன்னா ஒண்ணு, நாளு மட்டும் தப்பவே கூடாது."

கேட்ட குரலாக இருக்கிறதே! கோபால்சாமி தலையைச் சாய்த்து, நடுவில் மங்கினாலும் தெரிகிற கண்ணோரத்தால் பார்த்தார். தொப்பிக்குக் கீழே அதே மூஞ்சி.

"யோவ் ஊசிச்சாமி!"

"மெதுவா பேசுப்பா. இங்க எம் பேரு தங்கவேல்."

"ஏன்யா, உன் கண்ணுக்கு நாளு தப்பக்கூடாது, எங்க கண்ணுக்குத் தப்பலாமா? எங்க ஊரு பழனி உன்ன நம்பி ஆஸ்பத்திரிக்குப் போறதையே வுட்டாரு. இப்ப பொண்டாட்டி கையப் புடிச்சிக்கினு வெளிய போறாரு. நீ வெத்தலையப் போட்டு உறிஞ்சிக்கறதுதானே?"



"வெத்தலையில இன்னாப்பா கீது," என்றார் தங்கவேல், மிகவும் சின்னக் குரலில்.

"தங்கவேல் யாருங்க? உள்ள வாங்க," என்று நர்ஸ் கூப்பிட்டார். சாமி எழுந்து போய், சாதுவாகப் படுத்து, கண்ணைக் காட்டினார். அடுத்ததாகப் போன கோபால்சாமி இந்தத் தடவை கூச்சல் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார், கோபத்தில்.

மகா ஜனங்களே, சாமியார்கள் இனியும் வருவார்கள். பஸ் வராத நாளில்கூட வருவார்கள். காலில் விழுங்கள், வேண்டாம் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்? ஆனால் விழுவதற்கு முன்னால், "சாமி, உங்களுக்கு உடம்புக்கு முடியலன்னா எங்க போவீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எந்த ஆஸ்பத்திரி பேரைச் சொல்கிறாரோ, நீங்களும் அங்கேயே போங்கள்.